பதினான்காம் நம்பர்

சேசு மரி சூசை துணை
லாபிஸ், 19 ஏப்ரல் 1942

அன்புத் தங்கை வினிஃப்ரெட்டுக்கு அண்ணன் அமலநாதன் எழுதுவது. சர்வேசுரன் தயவில் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் மாப்பிள்ளை ஸ்டானிஸ்லாஸும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தை ஐலீனுக்கு இருமல் விட்டதா?

இதைக் கொண்டுவருகிறவர் செல்லப்பன், சரக்கு ரயிலில் கார்டு. நம்பகமான மனிதர். மாதம் இரண்டு தடவையாவது லாபிஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் போய் வருகிறார். பதிலை அவர் கையிலேயே கொடு. தபாலில் போட்டால் யார் யாரோ பிரித்துப் படிக்கிறார்கள். வருஷத்தையும் ஜப்பான் கணக்கில் 2602 என்று போட வேண்டுமாம். இருக்கிற வயதோடு இன்னும் அறுநூற்றுச் சொச்சம் கூட்டிக்கொள்ள எனக்கு ஆசையில்லை.

அச்சுக்கூடம் மூடிய பிறகு எங்கே போவது என்று தவித்தவனுக்கு இங்கே எஸ்டேட்டில் கிராணி வேலை கிடைத்திருக்கிறது. ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நடுகிறார்கள். நடுகிறவர்கள் பேரை எழுதுவது என் வேலை. பன்னிரண்டு வருஷம் அன்னாசி டின் லேபிளில் பிழை திருத்தியவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

இனி முக்கியமான விஷயம். உன் கட்டிலுக்கடியில் இருக்கிற என் தகரப் பெட்டி. அதிலுள்ள பதினொரு படங்களையும் மாப்பிள்ளை லேபிள் என்றுதான் கேலி செய்வார். அவருக்கு இதைப் படித்துக் காட்டு. யாப் எங்கள் அச்சுக்கூடத்தில் லேபிள் வரைந்த சீனர்தான், மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை வேலை முடிந்தபின் அதே அச்சுக் கல்லில் தனக்காக வரைந்தார். கெலாங் பாத்தா கடலில் கம்பு நட்டு மீன் பிடிக்கிற கேலோங், உலு திராம் சாலையில் மாட்டு வண்டி, பால்வாளி சுமந்து வருகிற பெண் என்று நம் ஜோகூரை அப்படி வண்ணத்தில் பார்த்தவர் வேறு யாருமில்லை. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். ஒரு படத்துக்கு ஆறு கல், சிலவற்றுக்கு ஏழு. முப்பது பிரதி எடுத்ததும் கல்லை மணல் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவரே நினைத்தாலும் அந்தப் படத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது. அப்புறம் பென்சிலை எடுத்து, கீழே வெள்ளை ஓரத்தில், இடப்பக்கம் எத்தனையாவது பிரதி என்றும் வலப்பக்கம் தன் கையெழுத்தும் போடுவார்.

என்னுடைய பதினொன்றிலும் 14/30 என்று இருக்கும். நாலு வருகிற நம்பரைச் சீனர்கள் தொடமாட்டார்கள், அது அவர்களுக்குச் சாவு நம்பர். அதனால் ஒவ்வொரு தடவையும் பதினான்கு எனக்கென்று மிஞ்சியது. எல்லாப் படத்திலும் ஒரே நம்பர் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று யாப்பே பெருமையாகச் சொல்லுவார். அந்தக் கையெழுத்து இருக்கிறவரைக்கும்தான் அது படம். அதை எடுத்துவிட்டால் மாப்பிள்ளை சொல்வதே சரி, லேபிள்தான்.

பெட்டியைச் சுவரோரம் தள்ளாதே, ஈரம் ஏறும். குழந்தைக்கு என் முத்தம்.

அண்ணன்
அமலநாதன்


சேசு மரி சூசை துணை
ஜோகூர் பாரு, 2 மே 1942

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். ஐலீனுக்கு இருமல் ஓய்ந்தது, வாய்தான் ஓயவில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்களுக்குச் சமைக்கத் தெரியாது என்பது இந்நேரம் எஸ்டேட் முழுக்கத் தெரிந்திருக்கும்.

இவருக்கு ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை நிற்கவில்லை. மருந்துதான் இல்லை. உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவிக் கட்டி அனுப்புகிறார்களாம். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மச்சான் இந்தப் பதினொரு படத்துக்குப் பதிலா பதினொரு கோழி வாங்கியிருந்தா இப்ப முட்டையாவது கெடச்சிருக்கும்லா" என்றார். நான் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. போன வாரம் பக்கத்து வீட்டுத் தையல்காரச் சீனர் வீட்டில் ஜப்பான் மிலிட்டரிக்காரர்கள் வந்து சோதனை போட்டார்கள். சீன எழுத்து இருந்த காகிதம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். அவரையும் கூட்டிப்போய் இரண்டு நாள் கழித்து விட்டார்கள். அவர் இப்போது யாரோடும் அதிகம் பேசுவதில்லை. யாப் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். பிப்ரவரியில் சிங்கப்பூரில் மிலிட்டரிக்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டுபோன சீனர்களோடு போனவர், அதற்குப் பிறகு தெரியாது என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெட்டியை நான் என்ன செய்யட்டும்? இவர் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார். மச்சானுடைய பொருள், மச்சான் சொல்லட்டும் என்கிறார். சீக்கிரம் எழுதுங்கள்.

தங்கை
வினி


சேசு மரி சூசை துணை
லாபிஸ், 17 மே 1942

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து ஒரு வாரமாயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

சிகாமட்டில் யாப்போடு படித்த வாத்தியார் ஒருவரைப் பார்த்தேன். சண்டைக்கு முன்பு ஜப்பானை எதிர்க்கச் சீனாவுக்கு நிதி சேர்த்தபோது சுவரொட்டிகளை வரைந்தவர் யாப்தானாம். அதிலும் இதே கையெழுத்தைப் போட்டிருக்கிறார். அவர் பேர் ஜப்பான்காரர்கள் பட்டியலில் இருக்கிறது. இனி அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்று வாத்தியார் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

நான் சேர்த்த படத்துக்காக மாப்பிள்ளைக்கோ உனக்கோ ஒரு கெடுதல் வரக் கூடாது. படங்களை எரித்துவிடு. ஒரேயடியாக எரிக்காதே, காகிதப் புகை வாசனை தெருவுக்குத் தெரியும். அடுப்பு எரிகிற நேரத்தில் ஒவ்வொன்றாகப் போடு.

இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. ஐலீனிடம் மாமா கேட்டதாகச் சொல்.

அமலநாதன்


சேசு மரி சூசை துணை
ஜோகூர் பாரு, 31 மே 1942

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம், உங்கள் மனம்தான் எப்படி இருக்கிறதோ என்று கவலையாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று, காலையில் மரவள்ளி வேகும்போது. பதினொரு காலைகள். முதல் நாள் கேலோங் படம். அந்தக் கடல் நீலம் பச்சையாக எரிந்தது. அச்சு மை அப்படித்தான் எரியும் என்று இவர் சொன்னார். பால்வாளிப் பெண்ணைப் போடும் நாளில் என்னால் முடியவில்லை, இவர்தான் என் கையிலிருந்து வாங்கிப் போட்டார். நல்ல கனமான காகிதம், அண்ணா. சீக்கிரம் எரிவதில்லை.

ஆனால் உங்களை வெறுங்கையாக விடவில்லை. கையெழுத்து இருக்கிறவரைக்கும்தான் அது படம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? எரிப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் கீழ் ஓரத்தைக் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டேன். இரண்டு விரல் அகலம்தான். நம்பரும் கையெழுத்தும் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்திருக்கின்றன. பதினொரு சீட்டுகளையும் என் ஜெபப் புத்தகத்தின் தோல் உறைக்குள் சொருகிவைத்திருக்கிறேன். மாடத்தில் மாதா காலடியில்தான் அந்தப் புத்தகம் இருக்கிறது. அதை யார் தொடப்போகிறார்கள்?

இவர் வேண்டாம் என்றார். "எரிக்கிறதுன்னா முழுசா எரி, இல்லன்னா முழுசா வச்சிரு" என்றார். நான்தான் கேட்கவில்லை. அண்ணன் பாதி உயிரைக் கொடுத்துச் சேர்த்தது, தம்பிடி அளவாவது மிஞ்சட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நான் செய்தது சரியா? உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், அதையும் போட்டுவிடுகிறேன்.

தங்கை
வினி


சேசு மரி சூசை துணை
லாபிஸ், 9 ஜூன் 1942

என் அன்புத் தங்கைக்கு,

நான் சுகம், மிக மிகச் சுகம். உன் கடிதத்தைப் படித்து எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன். வேலையாட்களை மேற்பார்க்கிற பெரிய தண்டல் செல்லையா ஊரில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உனக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை, வினி. படம் போனால் போகட்டும், என் கண்ணில் இருக்கிறது. அவருடைய கை பட்ட இடம் மிஞ்சியிருக்கிறதே, அது போதும். நான் எழுதியதை அவ்வளவு ஞாபகமாக வைத்துக்கொண்டாயே.

போட்டுவிடாதே. வைத்திரு. ஜூலையில் எனக்கு நாலு நாள் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானே வந்து வாங்கிக்கொண்டு போகிறேன். இங்கே காட்டுப் பக்கம், யாரும் சோதனை போடுவதில்லை. ஒரு மாதம்தானே? மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல், அவர் கோழியை நானே வாங்கித் தருகிறேன்.

ஐலீனுக்கு ஒரு மரப்பாச்சி செதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்
அமலநாதன்


சேசு மரி சூசை துணை
லாபிஸ், 30 ஜூலை 1942

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று இதை அவசரமாக எழுதுகிறேன். செல்லப்பனுக்கு மூன்று வாரம் மலேரியா. அதனால்தான் கடிதமே இல்லை. லீவு கொடுக்கவில்லை. பயணப் பாஸும் இல்லை என்றுவிட்டார்கள்.

நேற்று இங்கே ஒரு காரியம் நடந்தது. வேலு என்று ஒரு கங்காணி. அவன் சட்டைப் பையில் பழைய வாசகசாலைச் சந்தா ரசீது ஒன்று இருந்திருக்கிறது. நம்பரும் செயலாளர் கையெழுத்தும் போட்ட துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். எந்தச் சங்கம், இந்த நம்பர் யாருடையது, மற்றவர்கள் யார் என்று கேட்டுக் கேட்டு மிலிட்டரிக்காரர்கள் அடித்தார்கள். அவன் இனி வலது கையால் ஒன்றும் செய்யமாட்டான்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. படத்தோடு இருந்தால் அது பிரதி நம்பர் என்று எவனுக்கும் தெரியும். படத்தை எடுத்துவிட்டோம். இப்போது உன் புத்தகத்தில் இருப்பது பதினொரு சீட்டு, பதினொன்றிலும் ஒரே நம்பர், ஒரே கையெழுத்து. மாதாமாதம் சந்தா கட்டிய ரசீது போல இருக்கும், வினி.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே எரித்துவிடு. அடுப்பு எரிகிறதா இல்லையா என்று பார்க்காதே. எரித்துவிட்டு ஒரு வரி எழுது. நான் முன்பு எழுதியதை மற.

அமலநாதன்


ஜோகூர் பாரு, 2602 ஆகஸ்டு 23

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் ஐலீனும் சுகம். உங்கள் மாப்பிள்ளை வெளியூர் போயிருக்கிறார். எப்போது வருவார் என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் இங்கே வர வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினிஃப்ரெட்


சேசு மரி சூசை துணை
லாபிஸ், 13 செப்டம்பர் 1942

அன்புத் தங்கைக்கு,

சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. நீ தபாலில் கார்டு போட்டதுமே செல்லப்பனை விசாரித்துவரச் சொன்னேன். நேற்றுத்தான் வந்து உண்மையைச் சொன்னார். மாப்பிள்ளையை ஆகஸ்டு நாலாம் தேதி மிலிட்டரிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்களாமே. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாராம், யாரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றைச் சொல். அந்தச் சீட்டுகளாலா? அதனால்தான் என்றால் மறைக்காதே. நான் நேரே அங்கே போய், அது என்னுடையது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லுகிறேன். பாஸ் இல்லாவிட்டால் தண்டவாளத்து ஓரமாக நடந்தாவது வருகிறேன். அவர் ஒரு குழந்தைக்குத் தகப்பன். எனக்கு யாருமில்லை.

செல்லப்பன் மறுபடி வரும்போது பதில் கொடு. ஒரு வார்த்தை போதும்.

அண்ணன்
அமலநாதன்


சேசு மரி சூசை துணை
ஜோகூர் பாரு, 6 டிசம்பர் 1942

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுடைய மூன்று கடிதங்களும் கிடைத்தன. மரவள்ளி மாவும் கருவாடும் வந்தன. பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

இவர் நவம்பர் இருபத்தாறாம் தேதி காலமாகிவிட்டார். ஜெயிலுக்குள் வயிற்றுப்போக்கு என்று சொன்னார்கள். உடம்பைக் கொடுத்தார்கள், அதுவே பெரிய தயவு என்று சாமியார் சொன்னார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தார்கள். நான் திறந்து பார்த்தேன். ஐலீனுக்குக் காட்டவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ரேடியோதான் காரணம். தெருவில் யாரோ ஒளித்துவைத்து லண்டன் செய்தி கேட்கிறார்கள் என்று தகவல் போய் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். இவர் பேரையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சீட்டுகளை நான் ஜூலையிலேயே எரித்துவிட்டேன். உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஆகவே அந்த நினைப்பு உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் போய் எதையாவது சொல்லி என்னை இன்னும் தனியாக்கிவிடாதீர்கள். முப்பதாம் நாள் பூசைக்குப் பாஸ் கொடுத்தால் வாருங்கள். என்னை ஆஸ்பத்திரியிலேயே துணி துவைக்கிற இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நானும் ஐலீனும் பட்டினி கிடக்கமாட்டோம்.

தங்கை
வினிஃப்ரெட்


சேசு மரி சூசை துணை
லாபிஸ், 14 அக்டோபர் 1945

அன்புத் தங்கைக்கு,

நீயும் ஐலீனும் சுகமா? நான் உயிரோடு இருக்கிறேன், பல்லில் நாலு போயிற்று, மற்றபடி சுகம். இனி யாரும் பிரித்துப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் தபாலிலேயே போடுகிறேன். கொண்டுவரச் செல்லப்பனும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சயாம் லைனுக்குத் தண்டவாளம் போட அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் பட்டியலில் அவர் பேர் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது நீ என்னோடு அதிகம் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை போய்விட்டார் என்று நீ எழுதிய கடிதத்தில் ரேடியோ என்ற சொல்லைப் பார்த்ததும், அழுகைக்கு நடுவே எனக்கு ஒரு நிம்மதி வந்தது. என்னால் இல்லை என்ற நிம்மதி. அதற்காக மூன்று வருஷமாக வெட்கப்படுகிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை.

இன்னொரு செய்தி. இங்கே மளிகைக் கடைச் சீனரிடம் யாப்பின் கேலோங் படம் ஒன்று இருக்கிறது. நம்பர் 22. அரிசி மூட்டைக்கு நடுவில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். எடுத்துக் காட்டினார். அந்த நீலம் அப்படியே இருக்கிறது. எனக்குக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். சிகாமட் வாத்தியாரும் யாப்பின் படங்கள் எங்கே எங்கே மிஞ்சியிருக்கின்றன என்று தேடி ஒன்று சேர்க்கப் பார்க்கிறார்.

அதனால் கேட்கிறேன், தவறாக நினைக்காதே. எல்லாச் சீட்டையும் எரித்துவிட்டாயா? ஒன்றுகூடத் தப்பவில்லையா? புத்தக உறைக்குள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அங்கேயே வேலை தேடிக்கொண்டு உங்களோடு இருந்துவிடலாம் என்றும் ஒரு யோசனை.

அண்ணன்
அமலநாதன்


சேசு மரி சூசை துணை
ஜோகூர் பாரு, 4 நவம்பர் 1945

அண்ணனுக்கு,

ஐலீன் சுகம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, போய் வருகிறாள். நானும் சுகம்.

புத்தக உறையைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். அந்தப் புத்தகம் என்னிடம் இல்லை. அதை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் உங்களுக்குப் பொய் எழுதினேன். அவர்கள் ரேடியோவைத் தேடித்தான் வந்தார்கள். தெரு முழுக்கப் பார்த்தார்கள், நம் வீட்டிலும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இவர் அன்றைக்கு லீவு. வாசலில் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றார். ஒருவன் போகிற போக்கில் மாடத்திலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து உதறினான். பதினொன்றும் கீழே விழுந்தன.

கூட வந்த மொழிபெயர்ப்பாளன் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாப்பின் கையெழுத்து அவனுக்குத் தெரிந்திருந்தது. முப்பது பேர் கொண்ட சங்கமா, பதினொரு மாதம் சந்தா கட்டியிருக்கிறதா, பதினான்காம் நம்பர் யார் என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். என் அண்ணன் என்று சொல்லத்தான் திறந்தேன். உங்கள் பேர் என் நாக்கில் இருந்தது. அதற்குள் இவர், "நான்தாங்க பதினாலு" என்று சொல்லிவிட்டார்.

உங்கள் எரித்துவிடு கடிதம் மறுநாள் வந்தது.

உள்ளே நடந்ததை ஐயாசாமி வந்து சொன்னார். முனிசிபல் குமாஸ்தா, இவரோடு ஒரே அறையில் இருந்து அந்த டிசம்பரில் வெளியே வந்தவர். மற்ற இருபத்தொன்பது பேர் யார் என்பதுதான் அவர்கள் கேள்வி. அது ஆள் இல்லை, படத்தின் பிரதி என்று இவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்படியானால் என்னென்ன படம் சொல் என்றிருக்கிறார்கள். இவர் பதினொன்றையும் சொன்னாராம். வரிசையாக. எதில் எந்த மூலையில் என்ன வண்ணம், எத்தனை படகு, மாட்டு வண்டிக்காரன் எந்தத் தோளில் துண்டு போட்டிருக்கிறான் என்றுகூட. ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டார்கள், ஒரு சொல் மாறவில்லை. இவ்வளவு தெரிந்தவன் யாப்புக்கு நெருங்கினவனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அதிகம் அடித்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கரையான் இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லி அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் கரையானைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

உங்களிடம் ஏன் மறைத்தேன் என்றால், சொன்னால் நீங்கள் போய் நின்றுவிடுவீர்கள், இரண்டு பேரும் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். அவர் போன பிறகு அந்தப் பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஆனால் அப்போது எனக்குக் கோபம். நீங்கள் ஜூனில் எழுதிய, வைத்திரு என்ற கடிதத்தை நான் எரிக்கவில்லை. கோபம் வரும்போதெல்லாம் எடுத்துப் படிப்பேன். படித்து முடித்ததும் கத்திரிக்கோல் யார் கையில் இருந்தது என்ற ஞாபகம் வரும். அவர் முழுதாக எரி என்றார், நான்தானே கேட்கவில்லை. மூன்று வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறேன். கோபம் தீர்ந்தபின் சொல்லலாம் என்று காத்திருந்தேன். உங்கள் நிம்மதியைப் பற்றிப் படித்ததும் காத்திருக்க முடியவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். எப்போது என்று நானே எழுதுகிறேன். ஐலீனுக்கு நீங்கள் மாமாதான், அதில் மாற்றமில்லை. எனக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

வினிஃப்ரெட்


லாபிஸ், 2 டிசம்பர் 1945

வினி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. நீ கூப்பிடும்வரை வரமாட்டேன்.

ஜூனில் எழுதிய கடிதத்தை வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதை எரிக்காதே. செல்லப்பனுக்குக் காய்ச்சல் வந்ததும் எனக்குப் பாஸ் கிடைக்காததும் பிறகு நடந்தவை. அந்த ஒன்பதாம் தேதி, அதையும் எரி என்று எழுத எனக்குக் காகிதமும் இருந்தது, கொண்டுபோக ஆளும் இருந்தார். நீ என்னைக் கேட்டாய். நான் வேண்டுமென்றேதான் வைத்திரு என்றேன். கத்திரிக்கோல் உன் கையில் இருந்திருக்கலாம். வெட்டச் சொன்னது ஏப்ரலில் நான் எழுதிய வரி. இதில் பாதியை நீ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மளிகைக் கடைக்காரரிடம் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்து, ஒரு காகிதத்தில், நான் சேர்த்த வரிசைப்படி, ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் நேரே என்ன படம் என்று எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கல்லிலிருந்து வந்த அன்றே பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஏழு வருஷம் சேர்த்தேன். என் கண்ணில் இருக்கிறது என்று உனக்குப் பெருமையாக எழுதியும் இருக்கிறேன்.

ஒன்பதுதான் வந்தது. ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஏழாவதும் பத்தாவதும் வெறுமையாகவே இருக்கின்றன.

மாப்பிள்ளை வாயால் கேட்ட ஐயாசாமிக்கு அவை தெரிந்திருக்கும். உனக்கும் தெரிந்திருக்கும். எனக்கு எழுதாதே.

அமலநாதன்